எண்ணெய்ப் பூதம் எந்தச் சமூகம்? மொரீசியஸில் ஒரு சிக்கனத் திகில் நகைச்சுவைப் படம்

கரும்புக்காட்டான்:

வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு பூதப் படம் எடுக்கத் துணிந்திருக்கிறோம். கையிருப்பு 200,000 மொரீசியஸ் ரூபாய். அதற்கு மேல் ஒருவருடைய காமிராவும், இன்னொருவருடைய மாமாவின் வேனும், என் பாட்டனார் விட்டுப்போன அரை ஆர்பான் (நம் பழைய நில அளவு) கரும்பும் உண்டு. திகிலும் சிரிப்பும் அரசியல் கேலியும் கலந்த கதை. அந்தக் கலவைதான் இப்போது எங்களைப் படுத்துகிறது.

கதை இதுதான். பெயர் சொல்லப்படாத ஒரு சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையின்மேல் ஏறி நிற்கிறது. பன்னிரண்டு நாட்கள் அதிகாரிகள் கரையில் நின்று கப்பலைப் பார்க்கிறார்கள். கப்பல் அவர்களைப் பார்க்கிறது. பிறகு எண்ணெய் கசிகிறது. அந்த எண்ணெய்க்குள்ளிருந்து ஆளுயரத்தில் ஒன்று எழுந்து கரும்புக்காட்டுக்குள் நடக்கிறது. இளையவர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். முதியவர்களோ அதைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுகிறார்கள்: தூனி மின்வி.

நம் தீவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சிறிது விளக்கம். 1994 பிப்ரவரி 10 அன்று ஹொலாண்டா புயல் மணிக்கு 216 கி.மீ. வேகக் காற்றுடன் தீவைத் தாக்கியது. பல ஊர்களில் நீண்ட நாட்கள் மின்சாரம் இல்லை. அந்த இருட்டில்தான் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஓர் அம்மண மனிதன் நள்ளிரவில் வீடு புகுகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு கூரைமேல் ஓடிவிடுகிறான், விலங்காக உருமாறுகிறான் என்றெல்லாம் பேச்சுப் பரவியது. கிரியோல் மொழியில் தூனி என்றால் அம்மணம்; மின்வி என்றால் நள்ளிரவு. கப்பல் எது என்று சொல்லத் தேவையில்லை. 2020 ஜூலை 25-இல் புவான்த் தெஸ்னி அருகே வாகாஷியோ தரைதட்டியது. ஆகஸ்ட் 6-இல் கசிவு தொடங்கியது. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் லகூனில், அதாவது பவளப்பாறைக்கும் கரைக்கும் இடையிலுள்ள கடலில், கலந்தது. வதந்தியின் உடம்பில் இருந்த எண்ணெயும் கடலில் மிதந்த எண்ணெயும் என் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

இனி எங்கள் சிக்கல். படத்தின் பிற்பாதியில் பொதுத்தேர்தல் வருகிறது, பூதம் வேட்பாளராகிறது. திரைக்கதையை நண்பர்களிடம் வாசித்துக் காட்டினால் முற்பாதியில் பயப்படுகிறார்கள், பிற்பாதியில் சிரிக்கிறார்கள். ஆனால் பூதம் வேட்புமனு கொடுத்த பிறகு யாரும் அதைக் கண்டு பயப்படுவதில்லை. சிரித்த முகத்தை மறுபடி வெளிறச் செய்வது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய கொட்டகை:

தம்பி, உங்கள் கதையைப் படித்தவுடன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் வாசிப்பின்போது நடந்தது உங்கள் நண்பர்களின் குற்றமன்று. பூதத்தையே நீங்கள் நகைச்சுவை நடிகனாக்கிவிட்டீர்கள். அது கழுத்துப்பட்டை அணிந்து கையசைக்கிறது என்று எழுதியிருப்பீர்கள், சரிதானே? ஒரு முறை கையசைத்தால் போதும், அதன் பற்கள் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பேய்ச் சிரிப்புப் படங்களை வரிசையாகப் பார்த்தவன் நான். பின்னால் பேய் நிற்பது தெரியாமல் நகைச்சுவை நடிகர் பேசிக்கொண்டே போவார். தெரிந்தவுடன் நாக்குக் குழறும். பிற்பாதியில் பேயின் முன்கதை வரும். அதற்கு இழைக்கப்பட்ட அநீதி தெரிந்தவுடன் நாம் கண் கலங்குவோம். பேய்க்கு நியாயம் கிடைத்த அந்தக் கணத்திலேயே பயம் பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் பூதத்துக்கு முன்கதை வேண்டாம், வசனமும் வேண்டாம். அது எதற்காக வந்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாமலே இருக்கட்டும்.

சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு 2011-இல் வெளியான ஒரு கியூபப் படத்தைப் பார்க்கச் சொல்வேன். ஹவானா நகரத் தெருக்களில் செத்தவர்கள் எழுந்து நடந்து மனிதரைக் கடிக்கிறார்கள். அரசுத் தொலைக்காட்சியோ அவர்களை அமெரிக்காவிடம் காசு வாங்கிக்கொண்டு கலகம் செய்யும் எதிர்ப்பாளர்கள் என்று அறிவித்துவிட்டு அமைதி காக்கச் சொல்கிறது. கவனியுங்கள், அங்கே கடிக்கிறவர்கள் ஒரு நகைச்சுவையும் செய்வதில்லை. வேடிக்கை முழுவதும் செய்தி வாசிப்பில் இருக்கிறது. அதே போல 2006-இல் வந்த கொரியப் படத்தில் ஆற்றிலிருந்து எழும் விலங்கு உண்மையாகவே ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தக் கதையின் விதை, 2000-ஆம் ஆண்டில் சியோலில் ஓர் அமெரிக்கப் படைத்தளத்தின் பிணவறையிலிருந்து ஃபார்மலின் சாக்கடையில் கொட்டப்பட்டு ஹான் ஆற்றுக்குப் போன உண்மை நிகழ்ச்சி. கொட்டியவனும் கொட்டச் சொன்னவனும் இருக்கும் அறையில்தான் கேலி வாழ்கிறது. ஆற்றங்கரையில் திகில் மட்டுமே.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1968-இல் செத்தவர் எழும் படங்களுக்கெல்லாம் இலக்கணம் வகுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை ஏறக்குறைய 114,000 டாலரில் முடித்தார்கள். அதில் ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு.

மாயேபூர்க்காரி:

உங்கள் உற்சாகத்துக்கு நடுவே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் அந்தத் தென்கிழக்குக் கரையிலுள்ள மாயேபூரில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டுச் சன்னல்கள் அனைத்தையும் சாத்திய பிறகும் எண்ணெய் வாடை சமையலறை வரை வந்தது. தலையணை உறையில்கூட அந்த நெடி இருந்தது. கரையோரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து துணிப்பைகளில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்தோம். சிகையலங்காரக் கடைகளிலிருந்து தலைமுடி மூட்டை மூட்டையாக வந்தது. என் விரல்களில் ஊசி குத்திய இடங்கள் ஆற ஒரு வாரமாயிற்று. என் அப்பாவின் பிரோக் படகு மாதக்கணக்கில் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. ஆகஸ்ட் 31-இல் ஓர் இழுவைப் படகு மூழ்கி மாலுமிகள் உயிரிழந்தார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

தம்பி தன் கதைச்சுருக்கத்தை வேறோர் இடத்தில் பகிர்ந்தபோது அதைப் படித்தேன். பூதத்திடம் முதலில் அகப்படுபவர் ஒரு குடிகார மீனவர். அவர் தள்ளாடிக்கொண்டே பூதத்துக்கு ரம் ஊற்றிக் கொடுப்பது முதல் நகைச்சுவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலைப் பாறையில் ஏற்றியவர் எங்கள் ஊர் மீனவர் அல்லர். தரைதட்டிய இரவில் கப்பலில் பிறந்தநாள் விருந்து நடந்ததும், கைப்பேசித் தொடர்பு கிடைப்பதற்காகக் கரையை நெருங்கியதும் பின்னர் விசாரணையில் வெளிவந்தன. குடித்துத் தள்ளாடும் ஆள்தான் வேண்டுமென்றால் அவரைக் கரையில் தேடியிருக்க வேண்டாம்.

கரும்புக்காட்டான்:

அக்கா, நீங்கள் சொன்னது சுட்டது, சரியாகவும் இருந்தது. அந்தக் காட்சியை எழுதும்போது எனக்குத் தெரிந்த எத்தனையோ படங்களின் முதல் பலி ஒரு குடிகாரன் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டேன். மீனவர் இனி பூதத்தை முதலில் பார்க்கிறவராக இருப்பார்; நிதானமாக இருப்பார்; காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுப்பார். பணியில் இருப்பவர் அவருடைய புகாரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தேடிக்கொண்டிருப்பதுதான் காட்சி. காணாமற்போன பொருளா, அத்துமீறலா, மீன்வளமா?

பெரியவர் சொன்ன கழுத்துப்பட்டையையும் கழற்றிவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஐயா?

சட்டப்புத்தகம்:

பூதம் தேர்தலில் நிற்கும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் சுருக்கத்தில் அது சுயேச்சையாக நின்று அமோக வெற்றி பெறுகிறது. இரண்டுமே வீணான வாய்ப்புகள். நம் தேர்தல் சட்டத்தைத் திறந்து பார்த்தால் உங்கள் எழுத்தாளரைவிடப் பெரிய நகைச்சுவைக்காரர்கள் அதை எழுதியிருப்பது தெரியும்.

மொரீசியஸின் 20 தொகுதிகளிலிருந்து தலா மூவரும், ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து இருவருமாக 62 பேர் நாடாளுமன்ற அவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதற்கு மேல் எட்டு இடங்கள் வரை, தோற்ற வேட்பாளர்களிலிருந்து பெஸ்ட் லூசர் முறையில் நிரப்பப்படுகின்றன. அவையில் போதிய அளவு இடம்பெறாத சமூகத்துக்கு அந்த இடங்களில் முன்னுரிமை. இதற்காக வேட்பாளர் தம் சமூகத்தை வேட்புமனுவில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அரசியலமைப்பின் முதல் அட்டவணை இந்து, முஸ்லிம், சீன மொரீசியர் என்று மூன்று சமூகங்களைச் சொல்கிறது. யாருடைய வாழ்க்கை முறையிலிருந்து அவர் இந்த மூன்றில் ஒன்றைச் சேர்ந்தவராகத் தோன்றவில்லையோ அவரெல்லாம் பொது மக்கள்தொகை என்ற நான்காம் சமூகம். ஆக, எண்ணெயில் பிறந்து, இரவில் நடமாடி, கரும்புக்காட்டில் உறங்கும் உங்கள் பூதத்துக்கு விதிப்படி ஓர் இடம் தயாராக இருக்கிறது. யாராவது ஆட்சேபித்தால் உச்ச நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் தீர்மானிக்க வேண்டும். பூதத்தின் வாழ்க்கை முறையைப் பற்றிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரை நினைத்துப் பாருங்கள். அந்தக் காட்சிக்கு ஒரு கூடமும் மூன்று மேசைகளும் போதும்; மாமாவின் வேன்கூடத் தேவையில்லை.

இன்னும் உண்டு. கணக்குக்கு அடிப்படை 1972-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு பிறந்தவர்களும் வளர்ந்தவர்களும் எழுந்தவைகளும் அந்தக் காகிதத்தில் இல்லை. சமூகத்தைக் கட்டாயமாக அறிவிக்கச் சொல்வது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் கருத்துரைத்தது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாக விதி தளர்த்தப்பட்டது. மேலும், பெஸ்ட் லூசர் இடம் சுயேச்சைக்குக் கிடைக்காது. ஆகவே பூதம் ஏதேனும் ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். கட்சிகள் அதை இழுக்கப் போட்டியிடும். அது ஒரே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினால் த்ரான்ஸ்ஃப்யூஜ், கட்சி தாவி, என்று செய்தித்தாள்கள் தூற்றும். பூதமாக இருந்ததற்கு யாரும் அதைத் தூற்றியிருக்க மாட்டார்கள்.

எனவே அது வெல்லக் கூடாது. தோற்க வேண்டும். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஒரே அணி தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்டது. அப்படிப்பட்ட அவையில் எதிர்க்கட்சி வரிசையை நிரப்பப் பெஸ்ட் லூசரை விட்டால் ஆள் கிடைப்பது அரிது. தோற்றுப்போன பூதம் விதிகளின் வழியாகவே, ஒரு காகிதத்தின் முதுகில் ஏறி, அவைக்குள் நுழையட்டும். அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாராலும் வெளியேற்றவும் முடியவில்லை என்றால் சிரித்த முகம் தானாக வெளிறும்.

பழைய கொட்டகை:

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று என்பார்கள். இங்கே பூதத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டார் சட்டப்புத்தகம் ஐயா. அந்த நீதிமன்றக் காட்சியில் பூதம் ஒரு மூலையில் அசையாமல் நிற்க வேண்டும். தரையில் எண்ணெய் மெதுவாகப் பரவிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தர் மட்டும் தம் காலணியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஏழுகறி:

1994-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அப்போது பிறக்கவே இல்லை என்று தோன்றுகிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ரோஸ் ஹில்லில் இருந்தோம். எங்கள் சந்தில் ஆண்கள் இரவெல்லாம் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். சிலரிடம் கரும்பு வெட்டும் கத்தி, சிலரிடம் கிரிக்கெட் மட்டை. ஒருவர் கோயில் மணியை எடுத்து வந்திருந்தார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

என் தாத்தா சனி நீராடு என்பதை வேதவாக்காகக் கொண்டவர். புயல் அடித்தாலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தவறக் கூடாது. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கோவணத்துடன், தண்ணீர் லாரிக்காகக் கொல்லையில் உட்கார்ந்திருந்தார். குழாயில் தண்ணீர் வந்து பல நாட்களாயிற்று. லாரி மூன்று மணிக்கு வரும் என்றார்கள், ஐந்து என்றார்கள், இருட்டிய பிறகும் வரவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு உள்ளே வரும்படி பாட்டி சொன்னதற்கு, பாதியில் விட்டால் சளி பிடிக்கும் என்று மறுத்துவிட்டார். ஏழு மணி இருக்கும். லாரிச் சத்தம் போல ஏதோ கேட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினார்.

டார்ச் வெளிச்சம் அவர்மேல் விழுந்ததை நான் சன்னலிலிருந்து பார்த்தேன். என் சொந்தத் தாத்தா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நொடியில் எனக்குத் தெரியவில்லை. நெற்றியும் தோளும் வயிறும் வெள்ளையாகப் பளபளத்தன, முகம் இல்லை. வெளிச்சம் பட்ட இடங்கள் மட்டும் தனித்தனியாக மிதந்து வந்தன. மணிக்காரர் மணியை அடித்தார். எல்லாரும் பாய்ந்தார்கள். பிடித்தவர் கையிலெல்லாம் தாத்தா வழுக்கினார். வதந்தியில் சொன்னபடியே வழுக்கியதால் அவர்களுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. கடைசியில் அவர் தமிழில் திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்து வீட்டுக்காரர் மட்டையைக் கீழே போட்டார்.

மறுநாள் சந்து முழுவதும் சிரித்தது, தாத்தாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமை எண்ணெய் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். உங்கள் படத்தில் பயமும் சிரிப்பும் எங்கே சந்திக்க வேண்டும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வரையில் அந்த டார்ச் வெளிச்சத்தில்தான்.

அரிதாரப்பெட்டி:

ஏழுகறி அண்ணா எழுதியது எங்கள் வேலைக்கு நேரடியாக உதவுகிறது. கறுப்பு உடம்பை இரவில் முன்னாலிருந்து விளக்குப் போட்டுப் படம் பிடித்தால் வெறும் கறுப்புக் கறையாகத்தான் விழும். விளக்கைப் பக்கவாட்டிலோ பின்னாலோ தாழ்வாக வைத்தால் ஈரமான தோள், கன்னம், முழங்கை ஆகியவற்றின் ஓரங்கள் மட்டும் மின்னும். மீதியைப் பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்ளும். பூத உடைக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கு அந்த இருட்டிலேயே மிச்சம்.

பூதத்தின் மேற்பூச்சாக எதைப் பயன்படுத்துவது என்ற சோதனையை நான் ஏற்றுக்கொண்டேன். எஞ்சின் எண்ணெயை மனிதத் தோலில் பூசுவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மண்ணிலும் சிந்தக் கூடாது, அதுவும் இந்தக் கதைக்காக. எனவே சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மெலாஸ் பாகை ஒரு வாளி வாங்கினேன். வெந்நீர் சேர்த்து, கரண்டியின் முதுகில் ஒட்டி மெதுவாக வழியும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். நிறம் அற்புதம்: மெல்லியதாக இருக்கும் இடத்தில் செம்பழுப்பு, தடித்த இடத்தில் தார் போன்ற கறுப்பு. என் தம்பிக்குப் பூசிக் கொல்லையில் நிறுத்தி, டார்ச்சைத் தரையில் வைத்துப் படம் பிடித்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெற்றி என்று நினைத்தேன்.

இருபதாவது நிமிடத்தில் எறும்பு வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு சுவரோரமாக ஒரு கோடு. தம்பி அசையாமல் நிற்க வேண்டிய காட்சியில் நடனமாடினான். பகலில் முயன்றபோது தேனீ. ஆகவே மெலாஸை மரங்களுக்கும் தரைக்கும் ஒதுக்கிவிட்டு, நடிகரின் தோலுக்கு மெதில்செல்லுலோஸ் கூழில் கறுப்பு உணவுச்சாயம் கலந்து பயன்படுத்தப் போகிறேன். சினிமாவில் பூதங்களின் சளிக்கும் எச்சிலுக்கும் பழங்காலமாகப் பயன்படுவது அதுதான். இனிப்பில்லை, தண்ணீரில் கழுவினால் போகும். மெலாஸ் அளவுக்கு ஆழமான பளபளப்பு வராது என்பது மட்டும் என் வருத்தம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். அறுவடை ஜூனில் தொடங்கினால் உங்கள் அரை ஆர்பான் காடு வெறும் கட்டையாகிவிடும். ஆளை மறைக்கும் உயரத்தில் கரும்பு நிற்கும்போதே இரவுக் காட்சிகளை முடித்துவிடுங்கள்.

வானிலைப்பித்தன்:

அதிகாரிகளின் எச்சரிக்கைக் காட்சிக்கு ஒரு யோசனை. நம் புயல் எச்சரிக்கையில் ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகள் உண்டு என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். முதல் மூன்றும் முன்கூட்டிய அறிவிப்புகள். நான்காம் வகுப்போ மணிக்கு 120 கி.மீ. காற்று ஏற்கெனவே பதிவாகி, மேலும் தொடரும் என்று எதிர்பார்க்கும்போதுதான் வரும். புயலுக்கு அது முறையான ஏற்பாடு. அதில் தவறு காண மாட்டேன். ஆனால் உங்கள் படத்தில் பூதத்துக்கும் அதே அட்டவணையை அப்படியே படியெடுத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். நான்காம் வகுப்பு அறிவிக்க ஒருவர் கடிபட்டிருக்க வேண்டும்; மேலும் கடிபடுவார் என்ற எதிர்பார்ப்பும் இருக்க வேண்டும். அறிவிப்பாளர் அதே நிதானமான குரலில் வாசிக்கட்டும். இரண்டாம் வகுப்பு வந்தவுடன் மக்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்: ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்க வரிசையில் நிற்பார்கள். வரிசையின் கடைசியில் அது நிற்கலாம்.

மோக்கா ஆசிரியை:

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. படத்தின் வசனம் எந்த மொழியில்? நம் வீடுகளில் பெரும்பாலும் கிரியோல்தான் பேசுகிறோம் என்பதை மறைத்து, மாயேபூர்த் தெருவில் எல்லாரும் தூய தமிழ் பேசுவதாகக் காட்டினால் திகிலுக்கு முன்பே சிரிப்பு வந்துவிடும். மக்கள் கிரியோல் பேசட்டும். அமைச்சர்கள் பிரெஞ்சில் மறுக்கட்டும், ஆங்கிலத்தில் அறிக்கை விடட்டும். அரசியலமைப்பின் 49-ஆம் பிரிவு அவையின் அலுவல் மொழி ஆங்கிலம் என்றும், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்றும் சொல்கிறது. பூதத்தின் உறுமல் எந்த மொழி என்று அவைக்குறிப்பு எழுதுபவர் திகைப்பதற்கு இடமிருக்கிறது. தமிழ் எங்கே வர வேண்டும் என்றால், ஏழுகறி அவர்களின் தாத்தா திட்டிய இடத்தில் வர வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது வாயிலிருந்து தானாக வருவதாக அது இருக்கட்டும்.

ஆனால் தனிமடலில் தம்பி அனுப்பிய திருத்திய திரைக்கதையில் ஒரு காட்சி என்னை வருத்தியது. பூத எச்சரிக்கைச் சுவரொட்டியில் தமிழ் மூன்றாவதாக அச்சாகியிருக்கிறது. தமிழர்கள் சுவரொட்டியின் முன் கூடி ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். பூதம் பக்கத்தில் வந்து நின்றும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது 1998-ஆம் ஆண்டுப் பணத்தாள் பிரச்சினையைக் குறிக்கிறது என்பது யாருக்கும் புரியும். புதிய தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி அச்சாகி வந்தது, நம்மவர் எதிர்த்தார்கள், தாள்கள் திரும்பப் பெறப்பட்டன, ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் என்ற பழைய வரிசை மீண்டும் வந்தது. லபூர்தொனே ஆளுநராக இருந்த 1730-களிலேயே புதுச்சேரியிலிருந்து வந்து போர்ட் லூயிஸைக் கட்டிய கைவினைஞர்களின் வழிவந்தவர்களுக்கு அந்த வரிசை சிறிய விஷயம் அன்று. அதைக் கேலிப்பொருளாக்குவது முறையா?

ஏழுகறி:

ஆசிரியை அம்மா, நானும் அந்த எதிர்ப்பில் கலந்துகொண்ட வீட்டிலிருந்து வந்தவன்தான். அது நியாயமான கோபம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்தப் படம் அமைச்சரைக் கேலி செய்கிறது, அதிகாரியைக் கேலி செய்கிறது, நீதிமன்ற எழுத்தரைக் கேலி செய்கிறது. நம் வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வணங்கி நிற்கிறது என்றால், பார்க்கிற மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், படத்தைப் பார்த்தல்ல. எல்லாச் சமூகத்துக்கும் இப்படி ஒரு சுவரொட்டி இருக்கிறது. நம்முடையதை நாமே காட்டுவதுதான் கௌரவம்.

மோக்கா ஆசிரியை:

முழுவதும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆயினும் ஒரு திருத்தம் செய்தால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். ஆர்ப்பாட்டக்காரர்கள் முட்டாள்களாக இருக்கக் கூடாது. அவர்கள் பூதத்தைப் பார்த்துவிட்டார்கள், பயந்தும் விட்டார்கள். இருந்தும் நகராமல், இதையும் முடித்துவிட்டுத்தான் ஓடுவோம் என்று நிற்கிறார்கள். அச்சகத்துக்குத் தொலைபேசி செய்து வரிசையை மாற்ற ஒப்புதல் வாங்கிய பிறகே ஓடுகிறார்கள். அது என் தந்தையார் செய்திருக்கக்கூடிய காரியம்.

சட்டப்புத்தகம்:

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. படத்தை இணையத்தில் வெளியிடுவதானால் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆம் பிரிவை ஒரு முறை படித்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் ஒரு பெண்மணி பிரதமரைப் பற்றிய கேலிப்படம் ஒன்றை முகநூலில் பகிர்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அந்தப் பிரிவிலிருந்த எரிச்சலூட்டுதல் என்ற சொல் தெளிவற்றது, ஆகவே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது ஓர் ஆறுதல். இருந்தாலும் உண்மையான அமைச்சர் எவருடைய முகச்சாயலும், குரலும், மீசையும் வேண்டாம். பயத்தினால் மட்டும் சொல்லவில்லை. முகச்சாயல் வந்துவிட்டால் பார்ப்பவர் அந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். படிவமும் பதிவேடும் தப்பித்துக்கொள்ளும்.

கரும்புக்காட்டான்:

கடந்த நான்கு நாட்களில் பிற்பாதியை முழுவதும் மாற்றி எழுதிவிட்டோம். பூதம் இனி ஒரு சொல்லும் பேசாது. வேட்புமனுக் காட்சியை அரிதாரப்பெட்டியின் தம்பியை வைத்து நேற்றிரவு ஒத்திகை பார்த்தோம். எழுத்தர் படிவத்தைத் தள்ளுகிறார். சமூகம் என்ற கட்டத்தில் அது விரலை வைக்கிறது. விரலிலிருந்து எண்ணெய் இறங்கி, அந்தக் கட்டத்தைக் கடந்து, பக்கத்துக் கட்டங்களுக்கும் பரவி, நான்கையும் மூடுகிறது. எழுத்தர் மை ஒற்றும் தாளை எடுத்து ஒற்றிவிட்டு, தெளிவாக எழுத வேண்டும் என்று சொல்லி, இன்னொரு படிவம் தருகிறார். மூன்றாவது படிவத்தில் அவர் குரல் மாறுகிறது. நான்காவதில் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசித்தபோது முதல் இரண்டு படிவங்களுக்குச் சிரித்தவர்கள் நான்காவதில் அமைதியாகிவிட்டார்கள். டார்ச்சைத் தரையில்தான் வைத்திருந்தோம்.

இன்னும் ஒரே குறை. பூதம் லகூனிலிருந்து எழும் முதல் காட்சிக்குப் படகு வேண்டும். வாடகை கேட்டுப் பார்த்தேன். எங்கள் கையிருப்பில் பாதி போய்விடும்.

மாயேபூர்க்காரி:

அப்பாவிடம் பேசினேன். முதலில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றார். பதிவேடு தேடும் காவல் நிலையக் காட்சியைப் படித்துக் காட்டினேன். 2020-இல் தாம் இழப்பீட்டுப் படிவத்துடன் எத்தனை சன்னல்களுக்கு அலைந்தார் என்று ஒரு மணி நேரம் பேசினார். அதில் நான்கைந்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிரோக்கைத் தருகிறார், வாடகை வேண்டாம். மீனவராக நடிக்கவும் ஆசை இருக்கிறது, ஆனால் அதை நீங்களாகக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

சனிக்கிழமை விடியற்காலை, அலை இறங்கும் நேரத்துக்கு வந்துவிடுங்கள். லகூனில் ஒரு சொட்டுக் கறுப்பும் சிந்தக் கூடாது. கூழாக இருந்தாலும், சாயமாக இருந்தாலும் சரி. பூதத்தைப் படகில் வைத்துப் பூசி, படகிலேயே கழுவி, கழுவிய தண்ணீரை வாளியில் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. வாளிகளை எங்கள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறேன், அந்த ஆகஸ்டில் வாங்கியவை இன்னும் இருக்கின்றன.